சோழர் குலத்துப் பெரிய பாட்டியார்

பௌர்ணமி தோறும் புதுவையிலிருந்து வக்கிரகாளியம்மன் தரிசனத்திற்காகத் திருவக்கரை செல்லும் அன்பர்கள் பலர். நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வராக நதி எனப்படும் சங்கராபரணியின் கரையில் அமைந்த திருத்தலம் அது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தொண்டை நாட்டுப் பதிகளுள் ஒன்று. மும்முகலிங்கமாக எழுந்தருளியுள்ள சந்திரமௌலீசுவரரை வணங்கி, அம்மனின் சோதி தரிசனம் கண்டு திரும்பும் அன்பர்களுள், அவ்வளாகத்திலேயே ஒரு மூதாட்டியின் கடைசித் திருப்பணி நிற்பதை அறிந்தவர் சிலரே. சிவலோகமுடையார் சந்நிதியைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கல்வெட்டின்படி, முதலாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1001.

இவ்வம்மையார் மழவர் குலத்துச் செல்வி. கண்டராதித்த சோழரின் தேவியார். கணவரோ அரசர், அதனினும் மேலாகத் தில்லைக் கூத்தப்பிரான் மீது திருவிசைப்பா பாடி ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற சிவனடியார். அத்தகைய இல்லறம் நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 957ஐ ஒட்டிக் கண்டராதித்தர் சிவப்பேறு எய்தினார். மகன் மதுராந்தகன் அப்போது சிறு குழந்தை. அரியணை கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது.

இங்குதான் அவர்தம் வாழ்வின் கடினமான பகுதி தொடங்குகிறது. தன் பிள்ளைக்கு உரிய இடம் பிறர் வழிக்குப் போயிற்று என்னும் எண்ணம் ஒரு தாயின் உள்ளத்தில் எழாதிருக்குமா? அரண்மனைகளில் அவ்வெண்ணம் குலத்தையே இரண்டாகப் பிளந்த கதைகளை நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். சோழர் வீட்டிலும் துயரத்திற்குக் குறைவில்லை. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சதியால் கொலையுண்டான். சுந்தர சோழர் மறைந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி உடன் உயிர் நீத்தார். அதன்பின் மதுராந்தகனே உத்தம சோழன் என்னும் பெயரில் அரசனானான். சிற்றப்பன் விரும்பும் வரை அரசை மனத்தாலும் வேண்டேன் என்று அருள்மொழி விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அந்த அருள்மொழியே கி.பி. 985இல் முடிசூடிய இராசராசன். பெற்றோரை இழந்த அவரைத் தமக்கை குந்தவையாரும் பெரிய பாட்டியாராகிய செம்பியன் மாதேவியாரும் அரவணைத்து ஆளாக்கினர் என்பர். (கல்கியின் நாவலைப் படித்தோர் இவ்வரலாற்றை வேறு விதமாக நினைவில் கொண்டிருக்கலாம். கதை வேறு, கல்வெட்டு வேறு.)

அம்மையார் தம் துயரை எங்கே இறக்கி வைத்தார் என்பதற்குக் கோயில்களே சான்று. அந்நாளில் பல பாடல் பெற்ற தலங்கள் செங்கற் கட்டடங்களாக இருந்து சிதைந்து வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளி ஆக்கினார். திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருமுதுகுன்றம், திருவாரூர் அரநெறி என அப்பட்டியல் நீளும். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் கணவரின் பெயராலேயே கோயில் எடுத்தார். அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம். அத்திருப்பணியை நடத்திய சாத்தன் குணபத்தன் என்பவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்ததும் அங்குள்ள கல்வெட்டால் தெரிகிறது.

திருக்கோடிகாவில் அவர் செய்தது தனியே எண்ணத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, முன்னோர் அளித்த கொடைகளைக் குறித்த பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். புதியது கட்டுபவர் தம் பெயரை மட்டும் பொறித்திருந்தால் கேட்பார் யார்? யாரோ முன்னொரு நாள் ஏற்றிய விளக்கின் கணக்கும் அழியலாகாது என அவர் கருதினார். திருப்பணி செய்வோர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நாகை மாவட்டத்தில் செம்பியன்மகாதேவி என்று அவர் பெயரே கொண்ட ஊர் உள்ளது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், அம்மையார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் வழிபாடும் அன்னம்பாலிப்பும் நடைபெறக் கொடை அளித்தவர் யாவர்? உத்தம சோழரின் தேவியர், அதாவது மருமக்கள்! மாமியாரின் பிறந்த நாளை மருமக்கள் பலர் கூடி அறம் செய்து கொண்டாடினர் என்பதைக் கல்வெட்டில் காணும்போது, அவ்வீட்டில் அவர் எவ்வாறு வாழ்ந்திருப்பார் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. பிற்காலத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவருடைய திருவுருவமும் அக்கோயிலில் எழுந்தருளப்பெற்றது.

பேரனைப் 'பெயரன்' என்பது நம் வழக்கு. உத்தம சோழரின் மகனுக்கும் பாட்டனாரின் பெயரே வாய்த்தது. மதுராந்தகன் கண்டராதித்தன் எனப்பட்ட அவர் அரியணைக்குப் போட்டியிட்டதாகச் செய்தி இல்லை. இராசராசனின் ஆட்சியில் கோயில்களின் நிர்வாகத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். பாட்டியார் எடுப்பித்த கற்றளிகள் எத்தனையின் கணக்கு இப்பேரனின் கண்ணுக்கு வந்திருக்குமோ!

அம்மையாரின் பெயர் கல்வெட்டில் முதன்முதலாகக் காணப்படுவது கி.பி. 941இல், ஒரு விளக்குக்கு அளித்த கொடையில். அதிலிருந்து 60 ஆண்டுகள் கழித்துத் திருவக்கரைத் திருப்பணி. கொழுந்தனார், அவர் மகன், தம் மகன், பேரன் முறையுடைய இராசராசன் என அரசர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். எவர் ஆட்சியிலும் அம்மையாரின் கொடைக்கு இடம் இருந்தது.

அடுத்த முறை திருவக்கரை செல்லும் அன்பர்கள், அம்மனையும் சந்திரமௌலீசுவரரையும் தரிசித்தபின் சிவலோகமுடையார் சந்நிதியையும் கேட்டறிந்து வணங்குக. இயன்றால் குழந்தைகளையும் வீட்டிலுள்ள பாட்டியாரையும் உடன் அழைத்துச் செல்க. அவ்வூரில் கல்மரப் பூங்காவும் இருப்பதால், குழந்தைகள் தாமே வர விரும்புவர்.