வெட்டும் முன்பே வீணாகும் இரும்பு



இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்யும் பட்டறை ஒன்றை நீங்கள் கடந்து போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அதன் மூலையைக் கவனியுங்கள். ஒரு முழம், இரண்டு முழம் என்று துண்டுக் குழாய்கள் குவிந்து கிடக்கும். அவை உடைந்தவை அல்ல. புதுக் குழாயிலிருந்து வெட்டி மிஞ்சியவை. எந்த வேலைக்கும் நீளம் பத்தாது என்பதே அவற்றின் குறை. கடைசியில் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போய்விடும்.

அந்தக் குவியல் எப்படி உண்டானது? வெட்டியவர் தவறாக அளந்துவிட்டாரா? பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு துண்டும் சரியான அளவில்தான் வெட்டப்பட்டிருக்கும். ஆனால், எந்தத் துண்டை எந்தக் குழாயிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்த நேரத்திலேயே அந்த இரும்பு வீணாகிவிட்டது. இந்த வாரம் அந்த முடிவை எப்படிச் சரியாக எடுப்பது என்று பார்ப்போம். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

தோட்டத்துக்கு நான்கு சட்டங்கள்

ஒரு பள்ளித் தோட்டத்தில் நான்கு கீரைப் பாத்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாத்தியின் மேலும் நிழல்வலை கட்ட ஓர் இரும்புச் சட்டம் வேண்டும். ஒரு சட்டத்துக்கு 175 செ.மீ. நீளமுள்ள 4 கால்களும் 240 செ.மீ. நீளமுள்ள 2 விட்டங்களும் தேவை. நான்கு சட்டங்களுக்கு மொத்தம் 16 கால்கள், 8 விட்டங்கள். கடையில் சதுர இரும்புக் குழாய் 6 மீட்டர், அதாவது 600 செ.மீ. நீளத்தில் விற்கப்படுகிறது. எத்தனை குழாய்கள் வாங்க வேண்டும்?

மேலே படிக்கும் முன் நீங்களே ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் ஒரே வழியில் போவார்கள். “பெரிய துண்டுகளை முதலில் வெட்டிவிடுவோம், சிறியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். அப்படியே செய்வோம். ஒரு குழாயில் 2 விட்டங்கள் வரும். 8 விட்டங்களுக்கு 4 குழாய்கள். ஒவ்வொன்றிலும் 120 செ.மீ. மிஞ்சும், அதில் கால் எடுக்க முடியாது. அடுத்து கால்கள். ஒரு குழாயில் 3 கால்கள் வரும், 75 செ.மீ. மிஞ்சும். 16 கால்களுக்கு 6 குழாய்கள் தேவை. ஆறாவது குழாயில் ஒரு காலை மட்டும் வெட்டுவோம். ஆக மொத்தம் 10 குழாய்கள்.

இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் இரண்டு குழாய்கள் அதிகம் வாங்கிவிட்டோம்.

மூன்று வெட்டுமுறைகள்

துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு முழுக் குழாயை எப்படியெல்லாம் வெட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். இனி ஒரு துண்டும் எடுக்க இயலாது என்னும் வரை வெட்டினால், மூன்றே வழிகள்தான் உண்டு.

முறை அ: 240 + 240 = 480 செ.மீ. மீதம் 120 செ.மீ.
முறை ஆ: 240 + 175 + 175 = 590 செ.மீ. மீதம் 10 செ.மீ.
முறை இ: 175 + 175 + 175 = 525 செ.மீ. மீதம் 75 செ.மீ.

முறை ஆ-வைப் பாருங்கள். ஒரு விட்டமும் இரண்டு கால்களும் ஒரே குழாயில் அடங்கிவிடுகின்றன. நமக்குத் தேவை 8 விட்டங்கள், 16 கால்கள். எனவே 8 குழாய்களையும் முறை ஆ-வின்படி வெட்டினால் வேலை முடிந்தது.

ஒரு குழாயின் விலை 60 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 120 ரிங்கிட் மிச்சம். அளவு மாறவில்லை, புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. இரண்டு அளவுகளையும் சேர்த்து யோசித்தோம், அவ்வளவுதான்.

பட்டறைகளில் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதும் இப்போது புரியும். திங்கட்கிழமை விட்டங்களை மட்டும் வெட்டி முடிப்பார்கள். செவ்வாய்க்கிழமை கால்களை வெட்டுவார்கள். ஒவ்வொரு நாள் வேலையும் தனித்தனியே பார்த்தால் சரிதான். ஆனால் விட்டங்களுக்குத் துணையாகப் போகவேண்டிய கால்கள் மறுநாள் பட்டியலில் இருந்தன. அதனால்தான், அவசரமில்லாத வேலைகளைச் சேர்த்து வைத்து ஒன்றாகத் திட்டமிடுவது பொருள் மிச்சத்துக்கு முதல் வழியாகிறது.

இன்னும் குறைக்க முடியுமா?

8 குழாய்கள் என்று கண்டுபிடித்தோம். 7-இல் முடிக்கும் வழி ஏதாவது நம் கண்ணில் படாமல் இருக்கிறதா? இதற்கு எல்லா வழிகளையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. தேவைப்படும் மொத்த நீளத்தைக் கூட்டுங்கள்.

8 × 240 + 16 × 175 = 1920 + 2800 = 4720 செ.மீ.

இதை 600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.87 வரும். ஆகவே எவ்வளவு திறமையாக வெட்டினாலும் 7 குழாய்கள் போதாது. இந்த எண்ணைக் கீழெல்லை என்கிறோம். நம் விடை கீழெல்லையைத் தொட்டுவிட்டால் தேடுவதை அங்கேயே நிறுத்தலாம்.

ஆனால் எச்சரிக்கை: கீழெல்லையை எப்போதும் எட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம். 310 செ.மீ. துண்டுகள் 3 வேண்டும் என்றால் மொத்த நீளம் 930 செ.மீ. கீழெல்லை 2 குழாய்கள். ஆனால் ஒரு குழாயில் ஒரு துண்டுதான் வரும் என்பதால் 3 குழாய்கள் வாங்கியே ஆகவேண்டும். “இதற்குக் கீழே போகாது” என்பதற்குத்தான் கீழெல்லை உறுதி தரும். “இவ்வளவில் முடிந்துவிடும்” என்பதற்கு அல்ல.

வெட்டும் தட்டுக்கும் ஒரு பங்கு

தாளில் போட்ட கணக்கு பட்டறையில் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. இரும்பை வெட்டும் தட்டுக்குத் தடிமன் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 3 மி.மீ. இரும்பு பொடியாகவும் தீப்பொறியாகவும் பறந்துவிடுகிறது.

முறை ஆ-வில் மூன்று வெட்டுகள். இழப்பு 9 மி.மீ. மீதம் 100 மி.மீ. இருப்பதால் கவலையில்லை. ஆனால் கால்களின் நீளம் 180 செ.மீ. என்று இருந்திருந்தால்? 240 + 180 + 180 = 600. தாளில் கொஞ்சமும் வீணில்லாத அழகான விடை. உண்மையில் இரண்டு வெட்டுகளில் 6 மி.மீ. போய்விடும், மூன்றாவது துண்டு 179.4 செ.மீ. தான் இருக்கும். ஒரு கால் குட்டையாகிச் சட்டம் ஆடும்.

இதைத் தவிர்க்க எளிய தந்திரம் உண்டு. ஒவ்வொரு துண்டின் நீளத்தோடும் 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கடைசித் துண்டுக்குப் பிறகு வெட்டு தேவைப்படாமல் போகலாம் என்பதால், முழுக் குழாயின் நீளத்தோடும் ஒரு முறை 3 மி.மீ. கூட்டுங்கள். பிறகு வழக்கம்போல் கணக்கிடலாம்.

அளவுகள் கூடினால்

இரண்டு அளவுகளுக்கு மூன்று வெட்டுமுறைகள் இருந்தன. இவற்றோடு 110 செ.மீ. என்ற மூன்றாவது அளவையும் சேர்த்தால் வெட்டுமுறைகள் 8 ஆகிவிடும். ஒரு தொழிற்சாலைக்கு இருபது, முப்பது அளவுகளில் ஆர்டர்கள் வரும்போது வெட்டுமுறைகள் லட்சக்கணக்கில் பெருகலாம். எல்லாவற்றையும் எழுதி ஒப்பிடுவது நடக்கிற காரியமில்லை.

இந்த வகைக் கணக்குகளுக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யக் கணிதவியலாளர் லியோனித் கான்டரோவிச். 1938-இல் லெனின்கிராட் நகரில் பிளைவுட் தொழில்துறையின் ஆய்வகம் ஒன்று, இயந்திரங்களுக்கிடையே மரங்களைப் பகிர்ந்து கொடுப்பது பற்றிய சிக்கலை அவரிடம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்தவர், பொருளை வீணாக்காமல் வெட்டுவது உள்ளிட்ட பல உற்பத்திச் சிக்கல்களுக்கும் ஒரே வகைக் கணிதம் பொருந்துவதைக் கண்டார். 1939-இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 27. இன்று அந்தக் கணிதத்தை நேரியல் நிரலாக்கம் என்கிறோம். படிவம் 5 கூடுதல் கணிதத்தில் நீங்கள் சந்திக்கும் அதே பாடம்தான். 1975-இல் டியாலிங் கூப்மன்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

லட்சக்கணக்கான வெட்டுமுறைகளை எழுதாமலே சமாளிக்கும் வழியை 1961-இல் பால் கில்மோர், ரால்ஃப் கோமரி ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர்கள், பெரிய காகித உருளைகளைச் சிறிய அகலங்களாக வெட்டும் ஆலைகளின் சிக்கலையும் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய யோசனையை நம் தோட்டக் கணக்கிலேயே செய்து பார்க்கலாம்.

முறை அ, முறை இ இரண்டு மட்டுமே நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். முறை அ-வில் ஒரு குழாய் 2 விட்டங்களைத் தருகிறது. எனவே ஒரு விட்டத்தின் மதிப்பு 1/2 குழாய். முறை இ-யில் ஒரு குழாய் 3 கால்களைத் தருகிறது. எனவே ஒரு காலின் மதிப்பு 1/3 குழாய். இப்போது கேள்வி இதுதான்: 1-ஐ விட அதிக மதிப்புள்ள துண்டுகளை ஒரே குழாயிலிருந்து எடுக்க முடியுமா?

ஒரு விட்டமும் இரண்டு கால்களும்: 1/2 + 1/3 + 1/3 = 7/6. முடிகிறது! ஒரு குழாயைக் கொடுத்து அதைவிட அதிக மதிப்பை வாங்குகிறோம். எனவே முறை ஆ-வைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகு மதிப்பைத் திருத்துவோம். கால் இன்னும் 1/3 என்றே இருக்கட்டும். முறை ஆ-வின் மொத்த மதிப்பு 1 ஆகவேண்டும் என்பதால் விட்டத்தின் மதிப்பு 1/3 ஆகக் குறைகிறது. மறுபடியும் கேளுங்கள். முறை அ-வின் மதிப்பு இப்போது 2/3. முறை ஆ-வும் இ-யும் சரியாக 1. ஒன்றைத் தாண்டும் வெட்டுமுறை இனி இல்லை, நிறுத்தலாம். 8 விட்டங்கள், 16 கால்கள், ஒவ்வொன்றும் 1/3 குழாய்: மொத்தம் 24 × 1/3 = 8 குழாய்கள். முன்பு கண்ட விடையேதான்.

பெரிய கணக்குகளில் கணினி இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. சில வேளை விடை பின்னமாக வரும். பாதிக் குழாயை ஒரு முறையிலும் மறுபாதியை வேறு முறையிலும் வெட்ட முடியாதே! அதை முழு எண்ணாக மாற்ற மேலும் உழைக்க வேண்டும். எல்லாக் கணக்குகளுக்கும் மிகச் சிறந்த விடையை விரைவில் தரும் முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மறுபடி உருக்கினால் போதாதா?

“மிஞ்சிய இரும்பை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளலாமே” என்று நீங்கள் கேட்கலாம். உருக்கலாம், மண்ணில் எறிவதைவிட அது மிக நல்லது. ஆனால் இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உருக்கியதை மீண்டும் உருட்டி, வளைத்து, குழாயாக்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும்.

நம் சட்டங்களையே எடுத்துக்கொள்வோம். 10 குழாய்கள் வாங்கிய திட்டத்தில் பத்தாவது குழாயில் 425 செ.மீ. நீளமான துண்டு மிஞ்சும். அது வேறு வேலைக்கு உதவும் என்பதால் அதை இழப்பில் சேர்க்க வேண்டாம். மற்ற குழாய்களில் மிஞ்சும் குட்டைத் துண்டுகள் 4 × 120 + 5 × 75 = 855 செ.மீ. நல்ல திட்டத்தில் மிஞ்சுவது 80 செ.மீ. மட்டுமே. வேறுபாடு 775 செ.மீ.

குழாயின் பக்கம் 40 மி.மீ., சுவரின் தடிமன் 2 மி.மீ. எனில் குறுக்குவெட்டுப் பரப்பு 40² − 36² = 304 சதுர மி.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.85 கிராம். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 18.5 கிலோ எஃகு. உலகச் சராசரியில் ஒரு டன் எஃகு உருவாகும்போது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. அதன்படி ஏறத்தாழ 37 கிலோ வாயு. நான்கு கீரைப் பாத்திகளுக்கே இவ்வளவு என்றால், நாள் முழுவதும் வெட்டிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

முயன்று பாருங்கள்

1. 600 செ.மீ. குழாயில் 240, 175, 110 செ.மீ. துண்டுகளை வெட்டும் எட்டு முறைகளையும் எழுதுங்கள்.

2. 240 செ.மீ. துண்டுகள் 10, 175 செ.மீ. துண்டுகள் 12, 110 செ.மீ. துண்டுகள் 2 வேண்டும். பெரியவற்றை முதலில் வெட்டி, மீதத்தில் சிறியவற்றை எடுத்தால் 9 குழாய்கள் ஆகும். கீழெல்லையைக் கணக்கிட்டு, அதை எட்டும் திட்டத்தைக் கண்டுபிடியுங்கள்.

3. பள்ளி விழாவுக்கு அட்டையோ துணியோ வெட்டும் வேலை வந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் எல்லா அளவுகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். எவை எவற்றோடு சேர்ந்து அடங்கும் என்று பாருங்கள். இங்கே நீளத்தோடு அகலமும் சேர்வதால் கணக்கு இன்னும் சுவையாக இருக்கும்.

இரண்டாம் கணக்கின் விடை: மொத்த நீளம் 4720 செ.மீ.; கீழெல்லை 8. 2 குழாய்களை 240 + 240 + 110 என்றும், 6 குழாய்களை 240 + 175 + 175 என்றும் வெட்டினால் 8 குழாய்களில் வேலை முடியும்.