இறுகிப்போகும் இருதயம்: அறிதலும் பேணுதலும்

உழைத்துப் பிழைக்கும் கிராம மக்களிடையே கால் வீங்குவதும், வயிறு பெருப்பதும், சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குவதும் அடிக்கடி காணப்படும் குறிகளாகும். இவற்றைக் கண்டவுடன் “நீர் கோத்துக்கொண்டது” என்பார் சிலர். “ஈரல் கெட்டுவிட்டது” என்பார் வேறு சிலர். குடிப்பழக்கமே இல்லாத ஒருவருக்கு வயிறு பெருத்தாலும், மறைவில் குடித்திருப்பார் என்று ஊரார் பழி சுமத்துவதுண்டு. பச்சிலை மருந்திலும் பத்தியத்திலும் மாதங்கள் கழிகின்றன. உண்மையில் கோளாறு ஈரலில் இல்லாமல் இருதயத்தில் இருக்கக்கூடும். அத்தகைய கோளாறுகளுள் ஒன்றான இறுகிய இருதயத் தசை நோயைப் பற்றியும், அதைப் போலவே தோன்றும் மற்றொரு நோயைப் பற்றியும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது நலம். இவ்விரண்டையும் பிரித்தறிவதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது.

இருதயத்தின் வேலை

இருதயம் நான்கு அறைகள் கொண்ட தசைப்பை. மேலறைகள் இரண்டும் உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் இரத்தத்தை ஏற்கின்றன. கீழறைகள் இரண்டும் அதை வெளியே தள்ளுகின்றன. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அது துடிக்கிறது. ஓய்ந்திருக்கும்போதுகூட நிமிஷத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்குதல், தளர்தல் என இரு செயல்கள் உள்ளன. சுருங்குவதை வேலை என்றும் தளர்வதை ஓய்வு என்றும் எண்ணுவது தவறு. தளர்ந்து விரிந்தால்தான் அறையில் இரத்தம் நிரம்பும். நிரம்பினால்தான் வெளியே தள்ள முடியும்.

நம் முன்னோர் கிணற்றில் கவலை ஏற்றம் இறைத்ததை மூத்த விவசாயிகள் அறிவர். அதன் தோற்சால் நெகிழ்ந்திருக்கும் வரையில் நீரில் அமிழ்ந்து நிறைய முகந்து வரும். தோல் காய்ந்து விறைத்துவிட்டால், மாடுகள் எவ்வளவு வலியவையாயினும் சால் பாதியளவு நீரோடுதான் மேலே வரும். இறுகிய இருதயத் தசை நோயில் நேர்வதும் இதுவே. தள்ளும் வலிமை பெரும்பாலும் குறையாதிருக்க, நிரம்பும் தன்மை கெட்டுவிடுகிறது.

ஏரிக்குள் நீர் புகாவிட்டால் வரத்துக் கால்வாய் பொங்கிப் பக்கத்து நிலங்களை மூழ்கடிக்கும். அதுபோலவே கீழறையில் புக இயலாத இரத்தம் பின்னே தேங்குகிறது. மேலறைகள் விரிகின்றன. வலப்புறத் தேக்கத்தால் கழுத்து நரம்புகள் புடைக்கின்றன, ஈரல் வீங்குகிறது, வயிற்றிலும் காலிலும் நீர் சேர்கிறது. இடப்புறத் தேக்கத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் உண்டாகிறது. விரிந்த மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கும்; அங்கே இரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும்.

தசை இறுகுவதன் காரணங்கள்

இருதயத் தசை நோய்களுள் விரிதல், தடித்தல், இறுகுதல் என மூன்று முக்கிய வகைகள் கூறப்படுகின்றன. இம்மூன்றில் இறுகும் வகையே அரிது. முதியோரிடம் பெரும்பாலும் இதற்குக் காரணமாவது அமிலாய்டு என்னும் ஒருவகைப் புரதம் தசையிழைகளினிடையே படிவதாகும். அப்புரதம் எலும்பு மஜ்ஜையிலுள்ள அணுக்களின் கோளாற்றாலும் வரலாம். ஈரலில் உண்டாகும் புரதம் உருமாறியும் வரலாம். தாலசீமியா நோய்க்காகச் சிறு வயது முதல் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு இரும்புச் சத்து மிகுந்து இருதயத்தில் படிவதுண்டு. மார்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து இது தோன்றலாம். சிலருக்குப் பரம்பரையாகவும் வருகிறது.

தென்னாட்டில் இந்நோய்க்குத் தனி வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் டேவிஸ் என்னும் மருத்துவ அறிஞர், இருதயத்தின் உட்சுவரில் தழும்புபோல் நார் படர்ந்து அறைகளை இறுக்கும் நோய் ஒன்றை விவரித்தார். பின்னர் அதே நோய் கேரளத்திலும், குறிப்பாகக் கடற்கரையோர ஏழைக் குடும்பங்களின் சிறுவர், இளைஞரிடையே, மிகுதியாகக் காணப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்தனர். நார்ப் படலத்தை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையையும் செய்தனர். அம்மண்ணிலுள்ள மோனசைட் மணலின் தாதுப்பொருள்கள் மரவள்ளிக் கிழங்கு வழியே உடலில் சேர்வதும், மக்னீசியக் குறைவும் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். வயிற்றுப் புழுக்களைக் காரணமாகக் கூறினோரும் உண்டு. எதுவும் முடிவாக நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் மக்களின் உணவும் சுகாதாரமும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தபின் இந்நோய் கேரளத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல குடிநீரும் கழிப்பிடமும் சத்துணவும் இருதயத்தையும் காக்கக்கூடும் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தோற்றம் ஒன்று, நோய் இரண்டு

இனிக் கூறுவதே இக்கட்டுரையின் மையமாகும். இருதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. காசநோய்க் கிருமி அவ்வுறையைத் தாக்கினால் முதலில் அதில் நீர் சேரும். பின்பு உறை தடித்து இறுகி, சில சமயம் சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் ஆகிவிடும். அப்பொழுதும் இருதயம் விரிய இயலாது. கழுத்து நரம்பு புடைத்தல், ஈரல் வீக்கம், கால் வீக்கத்தைவிட மிகுதியான வயிற்று வீக்கம் ஆகிய எல்லாக் குறிகளும் தசை இறுகிய நோயைப் போலவே தோன்றும்.

ஆனால் முடிவில் பெரும் வேற்றுமை உண்டு. தசை இறுகியிருந்தால் அதை அறுத்து நீக்க முடியாது. உறை இறுகியிருந்தாலோ, காசநோய் மருந்துகளை முறையாகக் கொடுத்து, வேண்டுமாயின் அறுவை சிகிச்சையால் அவ்வுறையை உரித்தெடுத்துவிடலாம். நோய் முற்றுமுன் செய்தால் பெரும்பாலோர் மீண்டும் ஏர் பிடிக்கும் நிலையை அடைகின்றனர். காலம் தாழ்த்தினால் உறையின் இறுக்கம் தசையையும் கெடுத்து, அறுவையின் ஆபத்தும் கூடிவிடுகிறது. நம் நாட்டில் உறை இறுகுவதற்குக் காசநோயே முதன்மையான காரணம். ஆகையால் வயிறு வீங்கிய ஒருவரை ஈரல் நோயாளி என்று வீட்டில் கிடத்திவிடுவது, குணமாகக்கூடிய நோயைக் குணமாகாததாக்குவதற்கு ஒப்பாகும்.

கண்டறியும் முறை

வீட்டாரே கவனிக்கக்கூடிய குறி ஒன்று உண்டு. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்து நரம்பு புடைத்தே இருந்தால் இருதயத்தைச் சோதிப்பது அவசியம். ஈரல் நோய் மட்டும் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் அவ்வாறு புடைப்பதில்லை.

மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி. எடுப்பர், மார்பை எக்ஸ்ரே எடுப்பர். உறையில் சுண்ணாம்பு படிந்திருந்தால் எக்ஸ்ரேயிலேயே தெரியலாம். அடுத்தது எக்கோ எனப்படும் ஒலியலைப் பரிசோதனை. இதில் வலியில்லை, கத்தியில்லை. தசை எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை இதனால் அளக்கலாம். தசை நோயில் அவ்வேகம் குறைந்திருக்கும்; உறை நோயில் பெரும்பாலும் குறையாதிருக்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இரத்த ஓட்டம் பெரிதும் மாறினால் உறை நோய் என்று ஐயுறுவர். எக்கோவில் சுவர் தடித்துத் தோன்ற, இ.சி.ஜி.யில் அலைகள் சிறுத்திருந்தால் அமிலாய்டு படிவை நினைப்பர். இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போதல், நாக்கு தடித்தல் ஆகியவையும் அதற்குத் துணைச் சான்றுகள்.

ஐயம் தீராவிடில் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களும், இருதயத்தினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் சோதனையும் உள்ளன. சிலருக்குத் தசையில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியால் பார்ப்பதும் தேவைப்படும்.

சிகிச்சையும் வீட்டுப் பராமரிப்பும்

தசை இறுகிய நோய்க்குச் சிகிச்சை இரு வகைப்படும். ஒன்று, காரணத்தை நீக்குதல். மஜ்ஜைக் கோளாற்றால் வரும் அமிலாய்டுக்குப் புற்றுநோய்க்குரிய மருந்துகளும், ஈரல் புரதத்தால் வருவதற்கு டஃபாமிடிஸ் போன்ற மருந்துகளும் இப்பொழுது உள்ளன. மிகுந்த இரும்பை வெளியேற்றவும் மருந்துகள் உண்டு. மற்றொன்று, தேக்கத்தைக் குறைத்தல். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளால் வீக்கமும் திணறலும் தணியும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு: இறுகிய அறை நிரம்புவதற்குச் சற்று அழுத்தம் தேவை. நீரை அளவுக்கு மீறி வெளியேற்றினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து நோயாளி மயங்கி விழக்கூடும். ஆதலால் வீக்கம் மிகுந்தது என்று தாமே மாத்திரையைக் கூட்டுவதும், வடிந்தது என்று தாமே நிறுத்துவதும் கூடா. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், மருத்துவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. உப்பைக் குறைக்க வேண்டும்; ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றை விலக்க வேண்டும். சோடியம் குறைந்தது என்று கடைகளில் விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரைக் கேளாமல் அதைச் சேர்த்தல் ஆகாது. நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்துவருவது நல்லது. இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் நீர் சேர்கிறது என்று அறிந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்குவன. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முகப்பேரின் பெயர் நிலைத்த நாள்

மருந்துகளுக்குக் கட்டுப்படாதபோது எஞ்சியிருப்பது இருதய மாற்றுச் சிகிச்சையே. இந்தியாவில் முதன்முதலாக இது வெற்றியுடன் நடந்தது 1994 ஆகஸ்ட் 3ஆம் நாள். டெல்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில் டாக்டர் பி. வேணுகோபால் செய்தார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். அவ்விருதயம் தேனாம்பேட்டையிலிருந்து அம்பத்தூரை அடுத்த முகப்பேருக்கு, போலீசார் வழியை ஒழுங்கு செய்ய, 11 நிமிஷங்களில் வந்து சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிய நிகழ்ச்சி அது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

பஞ்சாயத்தின் கடமை

பூந்தமல்லியையும் ஆவடியையும் சூழ்ந்த சிற்றூர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய மருத்துவமனைகள் பஸ் தூரத்திலேயே உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையமோ, ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளோ முதற்படியாகலாம். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ அனுப்புவர். திருவள்ளூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிவோரின் குடும்பத்தினர் இ.எஸ்.ஐ. அட்டை இருப்பின் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேராத ஏழைக் குடும்பங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள உறுப்பினர்கள் உதவ வேண்டும். அவசர வேளையில் 108 வண்டியை அழைக்கத் தயங்கலாகாது.

ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் தெருக்களில் மூன்று வகையினரைக் கணக்கெடுத்துச் சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிப்பாராக: ஒரு மாதத்திற்கு மேலாக வயிறோ காலோ வீங்கியிருப்போர், காசநோய் மருந்தை இடையில் நிறுத்தியோர், “ஈரல் கெட்டது” என்று கேட்டறிந்ததோடு நின்று, ஒருமுறையேனும் எக்கோ எடுக்காதோர். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வார உழைப்பும் போதும். அவ்வாறு கணக்கெடுத்ததில் உறை இறுகிய ஒருவர் தக்க காலத்தில் அறுவை மேசையை அடைந்தாராயின், அக்குடும்பத்தின் நிலம் தரிசாகாது. அவர் பிள்ளைகளின் படிப்பும் நில்லாது. சாலையும் விளக்கும் அமைப்பதைப் போலவே இதுவும் கிராம முன்னேற்றப் பணியே ஆகும்.