துளியும் துல்லியமும்

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி, சென்னையின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளுள் ஒன்று. ஆயினும், சுற்றுவட்டாரத்தில் கிணற்று நீரை நம்பி வாழும் இல்லங்கள் உண்டு. அந்நீரின் தன்மையை நாவின் சுவையால் மட்டும் அறிய இயலாது. அளந்தே அறிதல் வேண்டும்.

குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 தரநிர்ணயம், வேறு நீர் கிட்டாவிடின் 600 வரை ஏற்கலாம்.

50 மில்லிலிட்டர் நீருடன் அம்மோனியாத் தாங்கல் கரைசலையும் நிறங்காட்டியையும் சேர்த்து, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்க்கிறோம். செந்நிறம் முற்றிலும் நீலமாவதே முடிவுநிலை. 10.0 மில்லிலிட்டர் செலவானால் கடினத்தன்மை 200. பியூரெட்டில் 10.3 என்பதை 9.8 எனப் படித்தால், 206 என்பது 196 ஆகிவிடும்; வரம்பு மீறிய நீர் வரம்புக்குள் வந்துவிடும்!

எனவே, கரைசலின் கீழ்வளைவுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள். அம்மோனியாவின் நெடி கண்ணையும் மூச்சையும் தாக்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் கையாளுங்கள். அளவீடுகள் ஒத்துவரும்வரை மீண்டும் செய்யுங்கள்; ஒத்துவராத எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். அவ்வெண்ணை நம்பி ஒரு குடும்பம் நீர் பருகக்கூடும்.

சிந்திக்க: 12.5 மில்லிலிட்டர் செலவானால் அந்நீரின் கடினத்தன்மை எவ்வளவு?