மழை உமிழும் கல்மிடறுகள்

நுழையும்முன்

ஒரு கட்டடத்தை எழுப்புவது அரிய செயல். எழுப்பிய கட்டடத்தை மழையிலிருந்து காப்பது அதனினும் அரிய செயல். ஐரோப்பாவின் பழம்பெரும் பேராலயங்களில் வாய்பிளந்து நிற்கும் கல்விலங்குகள் இக்காவற்பணிக்காகவே பிறந்தவை. அவற்றின் பயனையும் தோற்றத்தையும் இன்றைய நிலையையும் இப்பாடம் விளக்குகிறது.

வாய்பிளந்த விலங்குகள்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில், சென் ஆற்றின் நடுவேயுள்ள தீவில் நோத்ர தாம் பேராலயம் அமைந்துள்ளது. 1163ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கப்பெற்ற இப்பேராலயத்தை அண்ணாந்து நோக்குவோர், சுவரிலிருந்து கழுத்தை நீட்டி வெளியே பாய முனைவனபோல் நிற்கும் விலங்குருவங்களைக் காண்பர். நாயை ஒத்தவை சில. பறவையை ஒத்தவை சில. எவ்வுயிர் என்று கூறவியலாதவை பல. வழிபாட்டுக்குரிய இடத்தில் அச்சமூட்டும் இவ்வுருவங்கள் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. மழைநாளில் அதற்கு விடை கிடைக்கும். கூரையில் வீழ்ந்த நீர் அவ்விலங்குகளின் வாய்வழியே பீறிட்டுப் பாய்ந்து, சுவரைத் தீண்டாமல் தொலைவில் விழும். இத்தகைய நீர்த்தூம்புகளே ஆங்கிலத்தில் 'கார்காயில்' எனப்படுகின்றன.

பெயர் தரும் பொருள்

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'கார்கூய்' என்பதிலிருந்து வந்தது. அதற்குத் தொண்டை என்பது பொருள். தொண்டையில் நீர் களகளக்கும் ஒலியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. வாய் கொப்பளித்தலைக் குறிக்கும் 'கார்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுடையதே. செர்மானியர் இதனை 'நீர் உமிழி' என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பர். ஆகவே, பெயரே இதன் தொழிலை உணர்த்திவிடுகிறது.

நீரும் சுவரும்

பேராலயச் சுவர்கள் சுண்ணாம்புக்கற்களைச் சாந்தால் இணைத்துக் கட்டப்பட்டவை. கூரைநீர் சுவர்வழியே வழிந்தோடினால் சாந்து சிறிது சிறிதாக அரிக்கப்படும். கல்லின் நுண்துளைகளில் தங்கிய நீர் குளிர்காலத்தில் உறையும்போது, அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுந்து கல்லைப் பிளக்கும். சுவரடியில் தேங்கும் நீர் அடித்தள மண்ணை நெகிழச் செய்யும். ஒருமுறை பெய்யும் மழை செய்யாத தீங்கை, நூறாண்டு மழை செய்துவிடும்.

கோதிக் பாணிப் பேராலயங்கள் வானளாவ உயர்ந்தவை. அகன்ற கூரைகளைக் கொண்டவை. எனவே, கூரை விளிம்பில் கல்லால் வாய்க்கால் அமைத்து நீரைத் திரட்டினர். சுவரைத் தாங்கி நிற்கும் வளைவுத் தாங்கிகளின் முதுகில் கால்வாய் வெட்டி, அந்நீரை வெளிப்புறம் கொணர்ந்தனர். அக்கால்வாயின் முடிவில் நீண்ட கல்லொன்றைப் பதித்தனர். அக்கல்லின் ஒரு பகுதி சுவருக்குள் அழுந்தியிருக்கும். மறுபகுதி வெளியே நீண்டிருக்கும். வெளியே நீண்ட பகுதியே விலங்காகச் செதுக்கப்பட்டது. விலங்கின் முதுகில் அமைந்த பள்ளம் நீரை வாய்க்குக் கொண்டுசெல்லும். கழுத்து நீள நீள, நீர் சுவரினின்று விலகி விழும். பெருகிவரும் நீர் ஒரே இடத்தில் பாய்ந்தால் கீழுள்ள கல்லைத் தாக்கும் என்பதால், தூம்புகளைப் பலவாக்கி நீரைச் சிறு தாரைகளாகப் பிரித்தனர். கண்ணுக்கு விந்தையாகத் தோன்றும் நீண்ட கழுத்தும், அவ்விலங்குகளின் மிகுந்த எண்ணிக்கையும் தேவையால் விளைந்தவை.

தொன்மை

விலங்கு வாய்வழி நீரை வெளியேற்றும் முறை கோதிக் காலத்திற்கு மிகவும் முற்பட்டது. பண்டைய எகிப்தியக் கோயில்களில் சிங்க வடிவத் தூம்புகள் இருந்தன. கிரேக்கர் பளிங்கிலும் சுடுமண்ணிலும் சிங்கத்தலைத் தூம்புகளை அமைத்தனர், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற ஒலிம்பியாவின் சீயசு கோயில் அவற்றுள் புகழ்பெற்றது. பிரான்சில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லான் பேராலயத்தில் இடம்பெற்ற தூம்புகள், கோதிக் காலத்தின் பழைய எடுத்துக்காட்டுகளுள் சேர்ந்தவை.

தூம்புகளுக்குப் பெயர்க்காரணம் கூறும் கதையொன்று ருவான் நகரில் வழங்குகிறது. 7ஆம் நூற்றாண்டில் சென் ஆற்றங்கரை மக்களை 'கார்கூய்' என்னும் பறவைநாகம் துன்புறுத்தியதாம். ஆயர் உரோமானுசு, தண்டனை பெற்ற கைதி ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு அதனை அடக்கினார். அதன் உடல் எரிந்தது. தீயை உமிழ்ந்து பழகிய தலையும் கழுத்தும் எரியவில்லை. அவற்றை மதிலில் பதித்தனர் என்பது கதை. எகிப்திய, கிரேக்கத் தூம்புகள் உரோமானுசின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. எனவே, இக்கதை மக்களின் கற்பனை வளத்தைக் காட்டுமேயன்றித் தூம்புகளின் வரலாறாகாது.

ஏன் இவ்வுருவங்கள்?

நீரை வெளியேற்ற எளிய கற்குழாய் போதும். அவ்வாறிருக்க, விலங்குருவம் ஏன்? தீய ஆற்றல்களை விரட்டவே என்பர் சிலர். எழுத்தறியா மக்களுக்குத் தீமையின் வடிவத்தைக் காட்டவே என்பர் வேறு சிலர். சிற்பியின் விளையாட்டுணர்வே காரணம் என்பாரும் உளர். திருச்சபையினுள்ளும் இத்தகைய உருவங்களுக்கு எதிர்ப்பு இருந்தது. துறவியான கிளேர்வோ பெர்னார்து, மடங்களின் சுவர்களில் இடம்பெற்ற விந்தை விலங்குகளை 1125ஆம் ஆண்டளவில் கடிந்து எழுதினார். அவற்றைக் கண்டு வியப்பதிலேயே துறவியரின் பொழுது கழியும் என்பதும், பொருட்செலவு வீண் என்பதும் அவர் கூறிய காரணங்கள். ஆயினும், உளியின் கற்பனை ஓயவில்லை.

தெரிந்து தெளிவோம்

உயரத்தில் காணப்படும் விந்தை உருவங்கள் அனைத்தும் கார்காயில்கள் அல்ல. நீரை உமிழ்வது மட்டுமே கார்காயில். நோத்ர தாம் கோபுர மாடத்தில் கன்னத்தில் கைவைத்து நகரை நோக்கும் புகழ்பெற்ற உருவம் நீரை உமிழ்வதில்லை. அது 'கிமேரா' என்னும் அணிச்சிற்பம். 1845ஆம் ஆண்டளவில் தொடங்கிய சீரமைப்பின்போது, கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தியூக் வடிவமைத்த உருவங்களுள் அதுவும் ஒன்று.

காவலைக் காத்தல்

ஈயக்குழாய்கள் பரவியபின் புதிய கட்டடங்களில் தூம்புகளின் தேவை குறைந்தது. பழைய கட்டடங்களிலோ அவை இன்றும் பணியாற்றுகின்றன. சுவரைக் காக்கும் அக்கல், தானே மழையில் தேய்கிறது. நோத்ர தாமில் உடைந்த சில தூம்புகளுக்கு மாற்றாக, 2019ஆம் ஆண்டின் தீவிபத்திற்கு முன்பே நெகிழிக்குழாய்கள் செருகப்பட்டிருந்தன. அப்போது எளிதில் நிதி திரளவில்லை. கூரை எரிந்ததை உலகமே கண்டது, உதவி குவிந்தது, 2024 திசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. தீயின் அழிவு ஒருநாளில் கண்ணில் படுகிறது. நீரின் அழிவோ நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தும் கண்ணில் படுவதில்லை. அதனை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தவர்கள் பெயர் பொறிக்காத கல்தச்சர்கள். எவரும் அண்ணாந்து பாராத உயரத்திலும், ஒரு தூம்பைப்போல் மற்றொன்று இராவண்ணம் அவர்கள் செதுக்கினர். மழை பெய்யும்போதெல்லாம் அவர்களது உழைப்பு அப்பேராலயத்தைக் காத்து நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. கார்காயிலுக்கும் கிமேராவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. தூம்பின் நீண்ட கழுத்துக்கும் கட்டடப் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை எழுதுக.
3. உங்கள் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றில் மழைநீர் வெளியேறும் வழியை உற்றுநோக்கி, அதன் இன்றைய நிலை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.