மின்னழுத்தத்தை உயர்த்தலும் காத்தலும்

நம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்ப் பெரியாறு நீர்மின் நிலையத்தில் பிறக்கும் மாறுதிசை மின்னோட்டத்தின் அழுத்தத்தை உயர்த்த மின்மாற்றி உண்டு. மின்கலமும் சூரியப் பலகையும் தரும் நேர்திசை மின்னோட்டத்திற்கோ மின்மாற்றி பயன்படாது. அப்படியாயின் 12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் பெறுவது எங்ஙனம்?

கம்பிச்சுருளே இதற்குத் துணை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால் உயர்ந்த மின்னழுத்தம் எழும். நீர் விரைந்தோடும் குழாயைச் சட்டென மூடினால் குழாய் அதிர்வதைப் பார்த்திருக்கிறோம் அன்றோ? அதுபோன்றதே இது.

கட்டுப்படுத்தி, டிரான்சிஸ்டர் ஒன்றின் வழியே நொடிக்குப் பல்லாயிரம் முறை சுற்றை இணைத்துத் துண்டிக்கிறது. இணைக்கையில் சுருளில் ஆற்றல் சேர்கிறது. துண்டிக்கையில் அது மின்கல அழுத்தத்தோடு கூடி, டயோடு வழியே மின்தேக்கியை நிரப்புகிறது. நேரத்தில் பாதி இணைத்திருந்தால் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். வெளியீடு தாழ்ந்தால் இணைக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தி கூட்டும், மிகுந்தால் குறைக்கும். ஆனால் ஆற்றல் பெருகுவதில்லை. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் புகுந்தால், 24 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவே கிடைக்கும்.

இதில் ஓர் இடர் உண்டு. கட்டுப்படுத்தி ஓய்ந்தாலும், சுருளும் டயோடும் உள்ள வழி திறந்தே இருக்கும். ஐப்பசி மழைக்கால மின்னல் கம்பிகளில் தூண்டும் மிகையழுத்தம் அவ்வழியே பாய்ந்து கருவியைக் கருக்கிவிடும். ஆகவே நுழைவாயிலிலேயே வாரிஸ்டரைக் காவல் வைக்கிறோம். இயல்பான அழுத்தத்தில் அது மின்னோட்டத்தைத் தடுக்கும். அழுத்தம் எல்லை மீறினால் வழிவிட்டு, மிகை மின்னோட்டத்தைத் தன்வழியே திருப்பிவிடும். அதற்கு முன்னுள்ள உருகி, மின்னோட்டம் மிகுந்து நீடித்தால் அறுந்து சுற்றைத் துண்டிக்கும்.

நேரடி மின்னலை இக்காவல் தாங்காது. எனவே இடி நெருங்குமுன் இணைப்பைக் கழற்றிவிடுவதே நமக்கு நலம்.