14 கோப்புகளுக்கு ஒரே கட்டளை

நம் சங்கக் குடும்பங்களின் முகவரிகள் ஒரு காலத்தில் என் கணிப்பொறியில்தான் இருந்தன. கச்சிபௌலிக்கு ஒரு கோப்பு, மியாப்பூருக்கு ஒன்று, செகந்திராபாத்துக்கு ஒன்று என்று மொத்தம் 14. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமானது. முகவரிகளில் இருந்த 'ஆந்திரப் பிரதேசம்' அனைத்தையும் மாற்ற வேண்டி வந்தது.

நான் பயன்படுத்துவது 'விம்'. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட இலவச மென்பொருள். திறந்திருக்கும் கோப்புகள் அனைத்திலும் ஒரே கட்டளையைச் செலுத்தும் வசதி 2001இல் வந்த 6ஆம் பதிப்பில் சேர்ந்தது. முதலில் 'விம் *.டிஎக்ஸ்டி' என்று கொடுத்து எல்லாக் கோப்புகளையும் திறந்துகொள்ளுங்கள். பிறகு இதைத் தட்டுங்கள் (ஊர்ப்பெயர்கள் தவிர மற்றவை ஆங்கில எழுத்தில்):

:பஃப்டூ %எஸ்/ஆந்திரப் பிரதேசம்/தெலங்கானா/ஜிசிஇ | அப்டேட்

'பஃப்டூ' என்றால் திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் செய் என்று பொருள். '%எஸ்' கோப்பு முழுவதும் தேடி மாற்றும். 'ஜி' ஒரே வரியில் பலமுறை வந்தாலும் விடாது. 'இ' மிக அவசியம். அது இல்லையென்றால், தேடிய சொல் இல்லாத முதல் கோப்பிலேயே வேலை நின்றுவிடும். 'அப்டேட்' மாறிய கோப்பை மட்டும் சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

'சி'யை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். அது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் நம்மிடம் கேட்கும். சரி என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'. அன்று அவசரத்தில் அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். சில நொடிகளில் வேலை முடிந்தது. எனக்கு ஒரே பெருமை!

முகவரிக்குக் கீழே 'சொந்த ஊர்' என்று ஒரு வரி இருந்ததை மறந்தேபோனேன். நம்மில் சித்தூர், நெல்லூர்ப் பக்கத்துத் தமிழர்கள் எத்தனை பேர்! பட்டியல் அச்சாகி வீடுகளுக்குப் போன பிறகு, கச்சிபௌலியில் மகனோடு இருக்கும் ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏன் தம்பி, எங்க சித்தூரு எப்ப தெலங்கானாவுக்குப் போச்சு? நான் பொறந்த ஊரையாவது அங்கேயே விட்டு வைக்கக்கூடாதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

திரும்ப மாற்றலாம் என்றால், எது பழைய தெலங்கானா, எது நான் மாற்றியது என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? கோப்புகள் சேமிக்கப்பட்டு விட்டன. நகலும் எடுத்து வைக்கவில்லை. பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் வரிவரியாகத் திருத்தினேன். சித்தூர் அம்மாவின் வரியைத்தான் முதலில் திருத்தினேன்.

இப்போதெல்லாம் கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுத்த பிறகே 'பஃப்டூ'வைத் தட்டுகிறேன்.