பெட்டியில் வரும் கார்

கேள்வி: பிரிட்டனில் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்கிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் பிரபலமானது. அப்போது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் பூட்டும் குறிப்பு தரக் கூடாதென்று விதி இருந்தது. அதனால் கழற்றும் குறிப்பைக் கொடுத்து, 'கடைசியிலிருந்து படித்துக்கொள்ளுங்கள்' என்றார்களாம். கில்லாடிகள்! 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் அதை இன்றும் பாகங்களாக விற்கிறது. சேஸிஸ் தயாராகவே வருவதால் வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், எஞ்சினை இறக்க வாடகைக்கு ஒரு சின்ன கிரேன் இருந்தால் சமாளிக்கலாம். உண்மையான தலைவலி, சாலையில் இறக்குமுன் வரும் ஐ.வி.ஏ. என்ற தனி வாகன ஒப்புதல் சோதனை. விளக்கு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து வெளியே துருத்தும் விளிம்பு வரை துருவிப் பார்ப்பார்கள்.